ரெயிலோடு வந்த ஊர்

சென்ற ஆண்டு நமது பள்ளியில் நடைபெற்ற கண்காட்சிக்கு வந்திருந்த பெற்றோருக்கு எங்கள் அட்டை நகரம் நினைவிருக்கலாம். புவியியல் கழகத்தைச் சேர்ந்த நாங்கள் பன்னிரண்டு பேர், மூன்று வாரம் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ரெயில் பாதையோடு முளைத்த ஷையென் என்ற ஊரின் முதல் தெருவைச் செய்து வைத்தோம். குதிரை மீது வீரர்கள் சுட்டுக்கொண்டே பாயும் ஆங்கிலப் படங்களில் வருமே, இரு பக்கமும் பலகைக் கடைகள் நிற்கும் புழுதித் தெரு, அதே மாதிரித் தெருதான். பலரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டு பேர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு எங்களால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

முதற் கேள்வி ஒரு மாணவியின் தந்தை கேட்டது. அவர் கட்டட மேஸ்திரி. மாதிரியை வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, பக்கத்திலே மலை இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. மலை இருந்தா கல்லு இருக்குமே! கல்லை வெச்சுக்கிட்டு எதுக்கு இப்படி ஊரையே பலகையிலே கட்டினாங்க?” என்றார். நாங்கள் விழித்தோம். இரண்டாவது கேள்வி எங்கள் சகோதரி ஒருவர் கேட்டது. அதைக் கடைசியில் சொல்கிறோம். இரண்டுக்கும் விடை தேடிப் பிறகு படித்ததுதான் இக்கட்டுரை.

ஷையென் நகரம் இன்று வயோமிங் மாநிலத்தின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் புல்வெளியில் அமைந்தது. 1867ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் அங்கே ஊர் இல்லை. குரோ கிரீக் என்ற சிற்றோடை மட்டும் இருந்தது. ஓடைக் கரையில் சில மரங்களைத் தவிர கண்ணுக்கெட்டிய தூரம் புல். ஓயாத காற்று. யூனியன் பசிபிக் ரெயில்வே கம்பெனியின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் தம் குழுவுடன் வந்து, இங்கேதான் நிலையம் என்று இடம் குறித்தார். தண்டவாளம் அப்போது நூறு மைலுக்கும் அப்பால் கிழக்கே இருந்தது. ஆனாலும் செய்தி பரவிய உடனே மக்கள் வந்து குவிந்தார்கள். முதலில் 150 டாலருக்கு விற்ற மனை, ஒரு மாதத்தில் 1,000 டாலருக்குக் கைமாறியது என்பார்கள். ஆகஸ்டில் ஊருக்கு மேயர் கூட வந்துவிட்டார். 1867 நவம்பர் 13 அன்று தண்டவாளம் ஊரை எட்டியபோது அங்கே சுமார் 4,000 பேர் இருந்தனர்.

இத்தனை பேரும் எதற்குள் படுத்து எழுந்தார்கள்? பெரும்பாலும் கித்தானுக்குள்! மரச் சட்டம் அடித்து மேலே கித்தானை இழுத்துக் கட்டினால் கடை. நீளமாகக் கட்டினால் ஓட்டல். உள்ளே ஒரு கித்தான் திரை தொங்கவிட்டால் இரண்டு அறை. சிலர் பாதிச் சுவர் வரை பலகையும், மேலே கித்தானுமாகக் கட்டினார்கள். இரவில் உள்ளே விளக்கேற்றினால் தெரு முழுவதும் பெரிய காகித விளக்குகள் வைத்தாற்போல் இருந்திருக்க வேண்டும். நாங்கள் மாதிரியில் டிரேசிங் காகிதமும் டார்ச் பல்புமாக அதைச் செய்து பார்த்தோம், நன்றாகவே வந்தது.

கித்தானைத் தேர்ந்ததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமல்ல. ரெயில் பாதை போடும் வேலை ஓரிடத்தில் நில்லாது. பாதை நகர நகர, வேலையாட்களை நம்பிக் கடை வைத்தவர்களும் நகர வேண்டும். ஒமாஹாவிலிருந்து மேற்கே பாதை நெடுகிலும் இப்படி ஓர் ஊர் தோன்றும், சில மாதம் கொட்டமடிக்கும், பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். 1867 கோடையில் பாதையின் முனை ஜூல்ஸ்பர்க் என்ற இடத்தில் இருந்தது. பாதை ஷையென்னை எட்டியதும் அந்த ஊரின் பெரும்பகுதி அப்படியே பெயர்ந்தது. கூடாரங்கள், பலகைகள், நாற்காலிகள் எல்லாம் ஏற்றிய திறந்த வண்டிகளோடு ஒரு ரெயில் ஷையென் வந்து நின்றதாம், வண்டிக்காரர் இறங்கி நின்று, “ஐயாமாரே, இதோ ஜூல்ஸ்பர்க்!” என்று கூவினாராம். கதையாகவே இருந்தாலும் நல்ல கதை.

நாளைக்கு ரெயில் ஏற வேண்டிய வீடு கனமாக இருக்கலாமா? மேஸ்திரி ஐயாவின் கேள்விக்கு முதற் பதில் இது.

ஷையென்னுக்கு அடுத்த ஆண்டு, இன்னும் மேற்கே, பென்டன் என்று ஓர் ஊர் தோன்றியது. 1868 ஜூலையில் பிறந்து, செப்டம்பர் முடிவதற்குள் மறைந்துபோன ஊர் அது. ஓடை கூட இல்லாத வெள்ளை உப்பு மண் பூமி. தண்ணீரை ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து ஒரு வாளி 10 சென்ட் என்று விற்றார்கள். அங்கே சென்ற பத்திரிகையாளர் ஜே. எச். பீடில் எழுதிய செய்தி எங்களுக்கு வியப்பாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல், கருங்கல், சுண்ணாம்புப் பூச்சு என்று அழகான கட்டடங்கள் தெரியுமாம். கிட்டே போனால் எல்லாம் கித்தானும் மெல்லிய பலகையுமாம்! சிகாகோவில் பகுதி பகுதியாகச் செய்து, கல்லைப் போலவே சாயம் பூசி, 300 டாலருக்கு விற்றிருக்கிறார்கள். திருப்புளி வைத்திருக்கும் இரண்டு பையன்கள் ஆறு மணி நேரத்தில் ஒரு ‘கல் வீட்டை’ நிறுத்திவிடுவார்களாம். நாடக மேடைக் காட்சித் திரைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நகர வேண்டியவர்களுக்கும் நிலைத்த வீட்டின் மேல் ஆசை இருந்திருக்கிறது என்பதை அந்தச் சாயமே காட்டிக்கொடுக்கிறது.

இனி மரத்துக்கு வருவோம். மரமே இல்லாத புல்வெளியில் மரத்தால் ஊர் கட்டியது எப்படி? இதற்குச் சிகாகோவுக்குப் போக வேண்டும்.

பழைய முறையில் மர வீடு கட்டுவது பெரிய தச்சு வேலை. முழத்துக்கு முழம் பருமனான தூண்களும் உத்தரங்களும் வேண்டும். ஒன்றில் துளை வெட்டி, மற்றொன்றில் முளை செதுக்கி, அதை இதற்குள் இறக்கி, மரமுளை அடித்து இறுக்க வேண்டும். தேர்ந்த தச்சர் இல்லாமல் ஆகாது. சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தவே ஊரார் இருபது பேர் கூடுவார்கள். 1830களில் சிகாகோவில் வேறொரு முறை பரவியது. தூணே கிடையாது. 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் உள்ள மெல்லிய சட்டங்களை ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாக நிறுத்தி, மேலும் கீழும் சட்டம் வைத்து, ஆணி அடித்து, வெளியே பலகை தைத்துவிடுவது. அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டமும் தனியாக எடுத்தால் வளைந்துவிடும். சேர்ந்து நின்றால் பாரத்தை எல்லாம் பங்கிட்டுத் தாங்கும். இது பலூன் போல ஊதினால் பறந்துவிடும் என்று பழைய தச்சர்கள் கேலி செய்தார்களாம். அந்தக் கேலியே ‘பலூன் சட்டம்’ என்று பெயராக நிலைத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

இந்த முறையில் எழுந்த முதற் கட்டடங்களில் ஒன்றாக அடிக்கடி குறிப்பிடப்படுவது, 1833இல் சிகாகோவில் அகஸ்டின் டெய்லர் என்ற கட்டடக்காரர் கட்டிய புனித மரியாள் கத்தோலிக்கத் தேவாலயம். பிற்பாடு அதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். தேவாலயத்தையே பெயர்த்துக்கொண்டு போக முடிந்ததென்றால் அந்தச் சட்டத்தின் எளிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த முறைக்கு இரண்டு பொருள்கள் மலிவாகக் கிடைத்தாக வேண்டும். ஒன்று, இயந்திரத்தில் வெட்டிய ஆணி. கொல்லர் ஒவ்வொன்றாக அடித்த காலத்தில் ஆணி விலை உயர்ந்த பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஆலை ஆணி வந்த பிறகே அள்ளி அள்ளிச் செலவழிக்க முடிந்தது. மற்றொன்று, ஒரே அளவில் அறுத்த பலகை. மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் வெள்ளைப் பைன் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, ஆலைகளில் அறுத்து, ஏரி வழியாகக் கப்பலில் சிகாகோவுக்குக் கொண்டுவந்து மலை மலையாக அடுக்கினார்கள். அங்கிருந்து ரெயில். 1867இன் தொடக்கத்தில் சிகாகோ ரெயில் பாதை மிசூரி ஆற்றங்கரையில் உள்ள கவுன்சில் பிளஃப்ஸ் வரை வந்துவிட்டது. ஆற்றின் மீது பாலம் 1872இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை படகில் ஏற்றி அக்கரை ஒமாஹாவில் இறக்க வேண்டும். ஒமாஹாவிலிருந்து ஷையென் 516 மைல். ஆக, ஷையென் தெருவில் அடித்த ஒரு சிகாகோப் பலகை ஏறக்குறைய 1,000 மைல் ரெயிலில் வந்த பலகை. தண்டவாளம் வருமுன் எழுந்த முதல் சில வீடுகளுக்குத் தெற்கே கொலராடோ மலைகளிலிருந்து மாட்டு வண்டிகளில் மரம் வந்தது. அந்த வண்டிகள் வந்து சேர எத்தனை நாள் ஆகியிருக்கும்!

வீடு மட்டுமல்ல, பாலமும் இப்படி வந்தது. ஷையென்னுக்கு மேற்கே டேல் கிரீக் என்ற ஆழமான பள்ளத்தாக்கை ரெயில் கடக்க வேண்டியிருந்தது. அதற்கான மரங்களைச் சிகாகோவில் அளவாக வெட்டித் துளைத்து ரெயிலில் கொண்டுவந்து 1868இல் நிறுத்தினார்கள். காற்றில் அது ஆடுவதைக் கண்டு கயிறு கட்டி இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. 1876இல் அதை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் வைத்தார்கள்.

எங்கள் மாதிரியில் கடைகளின் முகப்பு மட்டும் உயரமாகவும், பின்னால் கூரை தாழ்ந்தும் இருப்பதைப் பார்த்துப் பலர் நாங்கள் அளவு தப்பாக வெட்டிவிட்டோம் என்று எண்ணினார்கள். இல்லை, அப்படித்தான் கட்டினார்கள். பின்னால் இரு சரிவுக் கூரையுடன் சின்னக் கொட்டகை. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் கூரை தெரியாதபடி சதுரமாக உயர்த்திய பலகைச் சுவர். இரண்டு மாடி போலத் தோன்றும். பொய் சன்னல் கூட வரைந்திருப்பார்கள். கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத இடம் கிடைத்தது என்பதும் ஒரு வசதி. மழைக்காலத்தில் சேற்றில் கால் வைக்காமல் நடக்க முன்னால் பலகை நடைபாதை. இந்த முகப்பைக் கேலி செய்யத் தோன்றும். ஆனால் வரிசையாக நின்ற முகப்புகள் சேர்ந்துதான் அந்த வெட்ட வெளியை ஒரு தெருவாக ஆக்கின என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கிழக்கே தாங்கள் விட்டுவந்த நகரங்களைப் போல இதுவும் ஒரு நாள் ஆகும் என்று எழுதி வைத்த கடுதாசி போல அவை நின்றிருக்கின்றன.

அந்தப் பலகைச் சுவரில் குளிர் தங்குமா? தங்காது. உட்புறம் மல் துணி ஒட்டுவார்கள், செய்தித்தாள் ஒட்டுவார்கள். காற்று அடித்தால் சுவர்த் துணி மூச்சு விடுவது போல உப்பித் தாழும். வீட்டின் நடுவே இரும்பு அடுப்பு நாள் முழுதும் எரியும். காய்ந்த பைன் பலகை, கித்தான், காகிதம், நடுவில் நெருப்பு, வெளியே காற்று! என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும்.

இங்கே மண் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். கிழக்கே நெப்ராஸ்கா, கான்சாஸ் புல்வெளிகளில் நிலம் பெற்றுக் குடியேறிய விவசாயிகள், புல்லை வேரோடும் மண்ணோடும் கலப்பையால் பாளம் பாளமாகப் பெயர்த்து, செங்கல் போல அடுக்கி வீடு கட்டினார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. மழை பெய்தால் கூரை மூன்று நாள் ஒழுகும். கூரையிலிருந்து பாம்பு விழுவதும் உண்டு. விலையில்லாத நல்ல வீடுதான். ஆனால் ரெயில் நகரத் தெருவில் இதற்கு இடமில்லை. குறுகிய மனையில் இரண்டடிச் சுவரைப் போட்டால் கடைக்கு இடம் எங்கே? மேலும் அதைப் பெயர்த்து ரெயிலில் ஏற்றவும் முடியாது.

பென்டன் மறைந்தது, ஷையென் நிலைத்தது. ஏன்? இரண்டுமே கித்தானில்தானே தொடங்கின? விடை என்ஜின்களிடம் இருக்கிறது. ஷையென்னுக்கு மேற்கே பாதை ஷெர்மன் மலை மீது 8,000 அடிக்கு மேல் ஏறுகிறது. ஏற்றத்துக்குக் கூடுதல் என்ஜின்கள் வேண்டும். அவற்றுக்கு நிலக்கரி, தண்ணீர், பழுது பார்க்கும் பட்டறை, கொட்டகை வேண்டும். ஆகவே கம்பெனி ஷையென்னைத் தன் முக்கிய நிலையமாக்கியது. தெற்கே டென்வரிலிருந்து வந்த பாதையும் 1870இல் இங்கே இணைந்தது. கூடாரத்தை மடித்துக்கொண்டு போகலாம். என்ஜின் கொட்டகையையும் மலையையும் மடித்துக்கொண்டு போக முடியாது. ஆனாலும் பாதை மேற்கே சென்றதும் ஊர் வெகுவாகச் சுருங்கிவிட்டது. 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஷையென்னில் எஞ்சியிருந்தவர்கள் 1,450 பேர்.

அந்த 1870 ஜனவரியில்தான் தீ வந்தது. நகர நடுவில் இரண்டு தெருக்கட்டுகள் எரிந்து போயின. எரிந்தவற்றுள் பார்னி ஃபோர்டு என்பவரின் உணவு விடுதியும் ஒன்று. இவர் அமெரிக்கத் தென்பகுதியில் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, தாமாகவே எழுதப் படிக்கக் கற்று, சமையலிலும் விடுதி நடத்துவதிலும் பெயர் பெற்றவர். டென்வரில் ஏற்கெனவே ஒரு பெருந்தீயில் கடையை இழந்தவர். 1867இல் ஷையென்னுக்கு வந்து விடுதி வைத்தார். அதையும் நெருப்புத் தின்றது. இன்னொருவராயிருந்தால் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். ஆனால் ஃபோர்டு 1875இல் திரும்பி வந்து, ஷையென்னில் இன்டர் ஓஷன் ஹோட்டல் என்ற மூன்று மாடி விடுதியைக் கட்டினார். இந்த முறை பலகையில் அல்ல, செங்கல்லில்!

தீக்குப் பிறகு செங்கல்லின் மதிப்பு வணிகர்களுக்குப் புரிந்தது. ஆனால் செங்கல் கட்டடத்திலும் தளம், மாடிப்படி, கூரை எல்லாம் மரமாகவே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. இன்டர் ஓஷன் ஹோட்டலும் 1916இல் தீயில் அழிந்தது.

மாணவியராகிய நமக்கு இந்தப் பலகைக் காலத்தில் முக்கியமான ஒரு செய்தி உண்டு. 1869இல் வயோமிங் பிரதேசத்தின் முதற் சட்டமன்றம் ஷையென்னில் கூடியது. சொந்தக் கட்டடம் இல்லை. வாடகைக்கு எடுத்த இடங்களில் உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டமன்றம்தான் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1869 டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்பெல் அதில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று பக்கத்து ரெயில் நகரமான லாரமியில் லூயிசா ஸ்வெயின் என்ற முதிய அம்மையார் வாக்களித்தார். ஊருக்கு ஒரு கல் மண்டபம் கூட இல்லாத நாளிலே இது நடந்தது!

கல் வந்தது 1880களில். அதற்குள் கால்நடைப் பண்ணைகளால் ஊரில் பணம் பெருகிவிட்டது; மக்கள் பிள்ளை குட்டிகளோடு தங்கிவிட்டார்கள். ஹோலி சைல்ட் ஜீசஸ் சபைக் கன்னியர் அங்கு வந்து பெண்களுக்கான பள்ளியைப் பெரிய கட்டடமாக எழுப்பியதும் இந்த ஆண்டுகளில்தான்.

மேஸ்திரி ஐயாவின் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்லலாம். நல்ல மணற்கல் ஷையென்னிலிருந்து சுமார் 45 மைல் தெற்கே, கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் அருகே மலையடிவாரத்தில் இருந்தது. ஆனால் கல் கனமான சரக்கு. கல்லுடைப்புகளுக்கு ரெயில் கிளை போட்டது 1880களின் தொடக்கத்தில். அதுவரை 45 மைல் மாட்டு வண்டியில் கல் கொண்டுவருவதைவிட, 1,000 மைல் ரெயிலில் பலகை கொண்டுவருவது எளிதாக இருந்தது. ‘பக்கத்தில் கிடைப்பதை வைத்துக் கட்டுவார்கள்’ என்று நம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ரெயில் ஊரில் ‘பக்கம்’ என்பது தண்டவாளம் எங்கே போகிறதோ அதுதான். இதைப் படித்தபோது எங்களுக்கே கண் திறந்தாற்போல் இருந்தது. இன்னொன்று: கல் செதுக்கிக் கட்டப் பொறுமையும் பல பருவங்களும் வேண்டும். அடுத்த மாதம் இந்த ஊர் இருக்குமா என்று தெரியாதவன் அந்த வேலையைத் தொடங்குவானா?

1886-87இல் யூனியன் பசிபிக் கம்பெனி ஷையென்னில் புது ரெயில் நிலையம் கட்டியது. வரைந்தவர் ஹென்றி வான் பிரண்ட். ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்து மணற்கல்லைக் கரடுமுரடான முகத்தோடு அடுக்கி, கனத்த அரைவட்ட வளைவுகளும் உயர்ந்த கோபுரமுமாக எழுப்பினார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் கித்தான் ஆடிய இடத்தில் அது கோட்டை போல நின்றது. அதே காலத்தில், நிலையத்திலிருந்து நேராகச் செல்லும் சாலையின் மறு கோடியில், சட்டமன்றத்துக்கான மாளிகைக்கு 1887 மே 18 அன்று மூலைக்கல் நாட்டப்பட்டது. கீழ்ப் பகுதிக்கு ஃபோர்ட் காலின்ஸ் கல். மேலே, ரெயில் பாதையிலேயே மேற்கில் உள்ள ராலின்ஸ் ஊர்க் கல். இன்றும் அந்த நீண்ட சாலையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கின்றன. நிலையம் இன்று அருங்காட்சியகம்.

மேஸ்திரிகளுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: சட்டமன்ற மாளிகைக்கு ஆகாது என்று கழித்த கல்லை வாங்கி, நேகிள் என்ற வணிகர் 1888இல் தமக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டார் என்பர். கல் உதிரத் தொடங்கவே, மேலே பூச்சுப் பூசி மறைக்க வேண்டியதாயிற்றாம்.

கல்லில் கட்டினால் நிலைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஷெர்மன் மலை உச்சியில், அதே பெயருள்ள சிறு ரெயில் ஊருக்கு அருகே, 1880 முதல் 1882 வரை 60 அடி உயரத்தில் கருங்கல் பிரமிடு ஒன்று எழுப்பினார்கள். ரெயில் பாதைக்குப் பணம் திரட்டிய ஏம்ஸ் சகோதரர்கள் இருவரின் நினைவுச் சின்னம் அது. வரைந்தவர் அந்நாளில் அமெரிக்காவில் பெரும் பெயர் பெற்றிருந்த ஹென்றி ரிச்சர்ட்சன். ரெயிலில் வருவோர் பார்ப்பதற்காகவே அங்கே வைத்தார்கள். 1901இல் பாதையைத் தெற்கே மாற்றிப் போட்டதும் ஷெர்மன் ஊர் அழிந்துபோயிற்று. பிரமிடு மட்டும் காற்றில் தனியாக நிற்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. எங்கள் மாதிரியில் பச்சை வண்ணம் பூசிய பெரிய வெற்றிடம் ஒன்று இருந்தது. சகோதரி அதைச் சுட்டி, “இவர்கள் வருமுன் இங்கே குடியிருந்தவர்கள் யார்? அவர்கள் வீட்டை ஏன் வைக்கவில்லை?” என்றார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அட்டையில் இல்லை.

ஷையென் என்பது ஒரு பழங்குடி மக்களின் பெயர். வட பிளாட் ஆற்றுக்கும் ஆர்க்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் ஷையென், அரபாஹோ மக்களுடையது என்று 1851ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. நம் ஊர் நிற்கும் இடமும் அதற்குள் அடங்கும். பதினாறு ஆண்டு கழித்து அங்கே மனைகள் விற்கப்பட்டன. நடுவில் நடந்தவை கொடியவை. 1864 நவம்பரில் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த ஷையென், அரபாஹோ மக்களைப் படையினர் கொன்று குவித்தனர். இறந்தவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். இன்று ஷையென் மக்கள் மொன்டானாவிலும் ஓக்லஹோமாவிலும் வாழ்கிறார்கள்.

அவர்கள் வீடு டீப்பி எனப்படும் தோல் கூடாரம். அதைச் செய்பவர்களும் நிறுத்துபவர்களும் உடையவர்களும் பெண்களே. லாட்ஜ்போல் பைன் என்ற நேரான மெல்லிய மரத்தின் கழிகள்; பதனிட்ட காட்டெருமைத் தோல் பத்துப் பதினைந்தைச் சேர்த்துத் தைத்த போர்வை. பார்வைக்குக் கூம்பு போலத் தெரிந்தாலும் சரியான கூம்பு அல்ல. பின்புறம் செங்குத்தாகவும் முன்புறம் சரிந்தும் இருக்கும். வாசல் கிழக்கே. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு எதிராக மொத்தக் கூடாரமும் முதுகு கொடுத்து நிற்கும். உச்சியில் இரண்டு தோல் மடல்கள். காற்றுத் திசைக்கு ஏற்ப வெளிக் கழிகளால் அவற்றைத் திருப்பினால் உள்ளே எரியும் அடுப்பின் புகை மேலே போய்விடும். உள்ளே இன்னொரு தோல் திரை, குளிரைத் தடுக்க. இரண்டு பெண்கள் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். பிரித்தால் கழிகளையே குதிரைக்குப் பூட்டிச் சுமை இழுக்கலாம்.

ரெயில் ஊர்க்காரர்களும் பெயர்த்தெடுக்கும் வீடுதான் கட்டினார்கள். ஆனால் அது அவசரத்துக்குக் கட்டியது. காற்று உள்ளே வந்தது, நெருப்புப் பிடித்தது. இந்தப் பெண்களின் வீடோ தலைமுறை தலைமுறையாக அதே காற்றில் பழகித் திருத்திய வீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் போனோமே என்று வருந்தினோம்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில் பழுப்புக் காகிதத்தில் இரண்டு டீப்பிகள் செய்து அந்தப் பச்சை வெற்றிடத்தில் வைத்தோம். எத்தனை தடவை நிறுத்தியும் சாய்ந்து சாய்ந்து விழுந்தன. பிறகுதான் படித்தோம்: ஷையென் பெண்கள் முதலில் மூன்று கழிகளை மட்டும் கட்டி நிறுத்துவார்களாம், மற்றக் கழிகள் அவற்றின் மேல்தான் சாயும். அப்படிச் செய்ததும் நின்றது.